அச்சிற்ற ஊரும் மிதிவண்டிப் பந்தய நீதியும்

ஊர்ப்பெயர்கள் வெறும் அடையாளச் சொற்கள் அல்ல. பல பெயர்களின் பின்னே ஒரு கதை உறங்குகின்றது. சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் பெருஞ்சாலையில், மேல்மருவத்தூரை அடுத்து அமைந்துள்ள அச்சரப்பாக்கம் இதற்குத் தக்க சான்றாகும். திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் பெற்ற இவ்வூரின் பழம்பெயர் அச்சிறுபாக்கம். முப்புரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காது கிளம்பியமையால் அச்சு முறிந்து இவ்விடத்தில் நின்றது என்றும், அச்சு இற்ற பாக்கமே அச்சிறுபாக்கம் ஆயிற்று என்றும் தலபுராணம் கூறும். அருணகிரிநாதரும் திருப்புகழின் முதற்பாடலில் இச்செய்தியைச் சுட்டுகின்றார்.

இவ்வூர்ப் பெயரை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுந்தார். அச்சரப்பாக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் வருபவர் அவர். "ஐயா, பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். முதலில் வந்தவருக்கும் நூறாவதாக வந்தவருக்கும் ஒரே நேரத்தை எழுதுகிறார்கள். கடைசியில் சக்கரம் பழுதாகி மெல்ல வந்தவருக்கும் அதே நேரத்தைக் கொடுக்கிறார்கள். இது எப்படி நியாயம் ஆகும்?" என்று வினவினார்.

அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அதனினும் மேலாக, அவ்வினா என்னை வருத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய வாரம், வழியில் சங்கிலி அறுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, பத்து நிமிடம் தாமதமாக வகுப்பினுள் நுழைந்த அதே மாணவருக்கு 'வரவில்லை' என்று பதிவு செய்தவன் நானே. அவருடன் ஒன்றாகப் புறப்பட்ட தோழர் இருவர் உரிய நேரத்தில் வந்து அமர்ந்திருந்தனர். எனவே, அவர் கேட்டது பந்தயத்தைப் பற்றி மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அப்பந்தயத்தின் விதிகளைத் தேடிப் படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்க விழைகின்றேன்.

இடமும் நேரமும்

மிதிவண்டிப் பந்தயங்கள் இருவகைப்படும். ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிவன ஒருவகை. பல நாட்கள் பல கட்டங்களாக நடைபெறுவன மற்றொரு வகை. இரண்டாம் வகையில் தலைசிறந்தது 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'தூர் த பிரான்ஸ்' ஆகும். இத்தாலியின் 'ஜிரோ' 1909ஆம் ஆண்டிலும், ஸ்பெயினின் 'வுயெல்தா' 1935ஆம் ஆண்டிலும் தொடங்கின. இக்காலத்தில் இம்மூன்றும் மூன்று வாரங்கள், 21 கட்டங்களாக நடைபெறுகின்றன. பிரான்சுப் பந்தயத்தின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். கலந்துகொள்வோர் ஏறத்தாழ 180 பேர்.

ஒவ்வொரு நாளும் எல்லைக்கோட்டில் இரண்டு செய்திகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று இடம், அதாவது, யார் முதலில் வந்தார், யார் அடுத்து வந்தார் என்னும் வரிசை. மற்றொன்று நேரம், அதாவது, அன்றைய தொலைவைக் கடக்க ஒருவர் எடுத்துக்கொண்ட கால அளவு. எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, எவருடைய மொத்த நேரம் மிகக் குறைவோ அவரே பந்தயத்தின் வெற்றியாளர். அவர் அணிவது மஞ்சள் சட்டை. நாள்தோறும் பெற்ற இடத்திற்கேற்ப வழங்கப்படும் புள்ளிகளைக் கூட்டி, மிகுதியான புள்ளி பெற்றவர்க்கு 1953ஆம் ஆண்டு முதல் பச்சைச் சட்டை வழங்கப்படுகின்றது.

இவ்விரண்டும் வெவ்வேறு ஆற்றல்களை அளப்பன என்பதை இரண்டு சான்றுகளால் உணரலாம். பிரிட்டனைச் சேர்ந்த மார்க் கேவண்டிஷ் என்னும் வீரர் 2024ஆம் ஆண்டு வரை பிரான்சுப் பந்தயத்தின் 35 கட்டங்களில் முதலாவதாக வந்து, அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். எனினும், மொத்தப் பந்தயத்தை அவர் ஒருமுறையேனும் வென்றதில்லை. மறுபுறம், அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 1990ஆம் ஆண்டில் ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலேயே மொத்தப் பந்தயத்தை வென்றார். முன்னவர் இடத்தின் அரசர். பின்னவர் நேரத்தின் அரசர்.

திரளுக்கு ஒரே நேரம்

சமவெளியில் நடைபெறும் ஒரு கட்டத்தை எண்ணிப் பார்ப்போம். அதன் தொலைவு 190 கிலோமீட்டர் எனக் கொள்வோம். இது சென்னையிலிருந்து அச்சரப்பாக்கம் வந்து, மீண்டும் சென்னைக்குத் திரும்பும் தொலைவுக்கு ஏறக்குறைய நிகரானது. இத்தொலைவு முழுவதையும் வீரர்கள் பெருந்திரளாகவே கடக்கின்றனர். இதற்குக் காரணம் நட்பன்று, காற்று. தனியே செல்பவர் தம் ஆற்றலின் பெரும்பகுதியைக் காற்றைக் கிழிப்பதற்கே செலவிட வேண்டும். முன்னே செல்பவரின் பின்னால் ஒண்டிச் செல்பவருக்கு அச்சுமை பெரிதும் குறைகின்றது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளோக்கன் என்னும் அறிஞர் 121 வீரர்கள் கொண்ட திரளை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார். திரளின் உட்பகுதியில் நன்கு மறைந்து செல்பவர்க்கு, தனியே செல்பவர் எதிர்கொள்ளும் காற்றுத் தடையில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே நேர்கின்றது என்பதே அம்முடிவு. ஆகவே, திரளை விட்டுப் பிரிவது எளிதன்று. பிரிந்தபின் மீண்டும் சேர்வது அதனினும் அரிது.

இவ்வாறு ஒன்றாக வந்த திரள், எல்லையை நெருங்கியதும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கின்றது. இதனையே இறுதிப் பாய்ச்சல் என்கிறோம். அப்போது வெற்றியாளரைத் தீர்மானிப்பது முன்சக்கரத்தின் முனை மட்டுமே. 2017ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், நுயி சேன் ஜோர்ஜ் என்னும் ஊரில் முடிந்த கட்டத்தில், ஜெர்மனியின் மார்செல் கிட்டல், நார்வேயின் எட்வால்ட் போசன் ஹாகனை வென்ற இடைவெளி 6 மில்லிமீட்டர். காலக்கணக்கில் அது ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வந்தவர்களை ஒரு நெல்மணியின் நீளத்தளவு தொலைவு பிரித்தது! நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடுகளைப் பதிவு செய்யும் ஒளிப்படக் கருவி இல்லையேல், அவ்வேற்றத்தாழ்வை மனிதக் கண் அறிந்திருக்க இயலாது.

ஆனால், அன்று அவ்விருவர்க்கும், அவர்களைப் பின்தொடர்ந்து வந்த திரளுக்கும் எழுதப்பட்ட நேரம் ஒன்றே. முதல் மூவர்க்கு மட்டும் முறையே 10, 6, 4 வினாடிகள் ஊக்கச் சலுகையாகக் கழிக்கப்பட்டன. மற்றபடி, திரளின் தலைக்குரிய நேரமே வாலுக்கும் உரியதாயிற்று.

இவ்விதியின் தேவையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒருவருக்கு 2 மீட்டர் இடம் என வைத்து, 180 பேர் ஒற்றை வரிசையில் வந்தால் வரிசையின் நீளம் 360 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வரிசை முழுவதும் கோட்டைக் கடக்க 20 வினாடிக்கும் மேலாகும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நேரம் எழுதினால், திரளின் கடைசியில் வந்தவர் ஒரே நாளில் 20 வினாடியை இழப்பார். 1989ஆம் ஆண்டின் பந்தயம் முழுவதையும், ஏறத்தாழ 3,285 கிலோமீட்டர் ஓடியபின், லெமாண்ட் வென்றது வெறும் 8 வினாடி இடைவெளியில்தான். அவ்வாண்டின் இறுதி நாளில், ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிய 24.5 கிலோமீட்டர் ஓட்டத்தில், 50 வினாடி முன்னிலையுடன் புறப்பட்ட பிரான்சின் லொரான் ஃபிஞோன் 58 வினாடியை இழந்தார். 8 வினாடி மூன்று வார உழைப்பின் பயனையே முடிவு செய்யுமெனில், வரிசையில் நின்ற இடத்திற்காக ஒருவரிடம் 20 வினாடியைப் பறிப்பது எவ்வாறு முறையாகும்?

நம் அன்றாட வாழ்விலிருந்தே ஓர் உவமை கூறலாம். சிற்றூர்களிலிருந்து ஒரே பேருந்தில் ஐம்பது மாணவர்கள் கல்லூரிக்கு வருகின்றனர். முன்வாயிலில் முதலில் இறங்கியவரும், பின் இருக்கையிலிருந்து கடைசியாக இறங்கியவரும் 'அந்தப் பேருந்தில் வந்தவர்கள்' என்றே கொள்ளப்படுகின்றனர். இறங்கிய வரிசையை வைத்து எவரும் அவர்களுடைய வருகை நேரத்தை வேறுபடுத்துவதில்லை. அவ்வாறு வேறுபடுத்தினால் என்ன நேரும்? பேருந்து நிற்குமுன்னரே வாயிலில் ஐம்பது பேரும் முண்டியடிப்பர். மிதிவண்டித் திரளிலும் இதுவே நேரும். பாய்ச்சலில் வல்லவர்கள் பத்துப் பதினைவர் முன்னிடத்திற்குப் போராடும் குறுகிய சாலையில், மொத்த நேரத்தைக் காக்க விழைபவர்களும் முட்டி மோதுவர், விபத்துகள் பெருகும். திரளுக்கு ஒரே நேரம் என்னும் விதி, இடத்திற்குப் போராடுபவரையும் நேரத்தைக் காப்பவரையும் பிரித்து, பின்னவருக்குப் பாதுகாப்பாகப் பின்தங்கி வரும் உரிமையை அளிக்கின்றது.

இடைவெளி என்பது யாது?

அவ்வாறாயின், திரள் எங்கே முடிகின்றது என்னும் வினா எழும். தொல்காப்பியர் வழிவந்த நாம், எதற்கும் இலக்கணம் கேட்பவர்கள் அல்லவா? பந்தய நடுவரும் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்துள்ளனர். முன்னே செல்லும் குழுவின் கடைசி வீரரது பின்சக்கரம் கோட்டைக் கடந்தபின், அடுத்து வருபவரின் முன்சக்கரம் கோட்டைத் தொடும் வரையிலான காலமே இடைவெளி எனப்படும். இது ஒரு வினாடியை எட்டாதவரை திரள் அறுபடவில்லை. ஒரு வினாடியோ அதற்கு மேலோ ஆயின், அங்கே திரள் இரண்டாகின்றது. பின்வரும் குழுவினர் அனைவர்க்கும் அக்குழுவின் முதல்வர் கோட்டைக் கடந்த நேரமே எழுதப்படும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி என்பது ஏறத்தாழ 17 மீட்டர்.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அளக்கப்படுவது முதல்வருக்கும் கடைசியானவருக்கும் இடைப்பட்ட தொலைவன்று. அடுத்தடுத்து வருபவர்களுக்கு இடைப்பட்ட தொலைவே. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வரை சங்கிலி எத்துணை நீளமாயினும் ஒன்றே. ஆகவே, வெற்றியாளருக்குப் பின் 20 வினாடி கழித்து வருபவரும் அவருடைய நேரத்தையே பெறலாம். ஆனால், நடுவில் ஒருவர் சோர்ந்து 17 மீட்டர் விட்டுவிட்டால், அவரும் அவருக்குப் பின்னால் வந்த அனைவரும் அந்நேரத்தை இழப்பர். பிறர் சோர்வால் தாமும் இழக்க நேரிடும் என்னும் அச்சமே நேரம் காப்பவர்களையும் முன்னே தள்ளியது. இதனை உணர்ந்து, பெருந்திரள் பாய்ச்சலில் முடியும் என எதிர்பார்க்கப்படும் கட்டங்களுக்கு மட்டும், ஒரு வினாடி என்பதை மூன்று வினாடியாகத் தளர்த்தும் முறை 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மூன்று வினாடி என்பது 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர்.

கூட்டுத் தொழுகையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தாமதமாக வந்தவர் ஒருவர், இமாம் ருகூவில் குனிந்திருக்கும்போதே வரிசையில் சேர்ந்து தாமும் ருகூவு செய்துவிட்டால், அந்த ரக்அத் அவருக்குக் கிடைத்துவிடும் என்பது பெரும்பான்மையான மார்க்கச் சட்ட அறிஞர்களின் முடிவு. இமாம் நிமிர்ந்தபின் சேர்ந்தவர் அந்த ரக்அத்தைப் பின்னர் நிறைவு செய்தல் வேண்டும். முதல் வரிசையா கடைசி வரிசையா என்பதன்று இங்கே வினா. தொடர்பு அறுந்ததா இல்லையா என்பதே வினா.

அதே வேளையில், இவ்விதி சோம்பலுக்குத் துணை போவதன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி மிதிவண்டி ஓட்டியவர்கள், கடற்காற்று பக்கவாட்டில் மோதுவதன் வலிமையை அறிவர். அத்தகைய காற்றில் முன்னவரின் பின்னால் ஒண்டுவது பயன்தராது. சாய்வு வரிசையாகச் செல்ல வேண்டும். சாலையின் அகலத்தில் இடம் பெறாதவர்கள் பின்தங்குவர், திரள் பிளவுபடும். 2009ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பிரான்சின் தென்கடற்கரையில் லா கிராந்த் மோத் என்னும் ஊரில் முடிந்த கட்டத்தில் இதுவே நிகழ்ந்தது. காற்றில் அறுந்த திரளின் பின்பகுதியில் சிக்கிய ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கொன்டடோர் 41 வினாடியை இழந்தார். அந்த 41 வினாடியும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. விழிப்பின்மை விபத்தாகாது என்பதே அதன் பொருள். பின்னர் மலைகளில் அவர் அதனை ஈடுசெய்து, அவ்வாண்டுப் பந்தயத்தை வென்றார்.

இறுதி மூன்று கிலோமீட்டர்

இனி, மாணவர் கேட்ட வினாவின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். எல்லைக்கோடு அச்சரப்பாக்கத்தில் இருப்பதாகக் கொள்வோம். மேல்மருவத்தூரைத் தாண்டித் திரள் பாய்ந்து வருகின்றது. இறுதி மூன்று கிலோமீட்டருக்குள் நுழைந்துவிட்ட வீரர் ஒருவர் கீழே விழுகின்றார். அல்லது சக்கரத்தில் காற்றுப் போகின்றது. அல்லது வண்டியின் உறுப்பு ஒன்று முறிகின்றது. அவர் எழுந்து, வண்டியை மாற்றிக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டைக் கடக்கின்றார். விபத்து நேர்ந்த கணத்தில் அவர் எந்தக் குழுவுடன் சென்றாரோ, அந்தக் குழுவின் நேரமே அவருக்கு எழுதப்படும்.

2005ஆம் ஆண்டுக்கு முன் இவ்வெல்லை ஒரு கிலோமீட்டராகவே இருந்தது. அவ்வாண்டில் மூன்றாக நீட்டப்பட்டது. பாய்ச்சல் எதிர்பார்க்கப்படும் கட்டங்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நீட்டும் முறை 2024ஆம் ஆண்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. எல்லை நகர்ந்துகொண்டே வந்துள்ளது, கொள்கை மாறவில்லை.

இச்சலுகைக்கு வரம்புகள் உண்டு. முதலாவது, விபத்து உண்மையானதாகவும் நடுவரால் ஏற்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவர் ஏற்கெனவே திரளை விட்டுப் பின்தங்கியிருந்தால் திரளின் நேரம் கிடைக்காது. எவருடன் சென்றாரோ அவர்களுடைய நேரமே கிடைக்கும். மூன்றாவது, இது நேரத்திற்கான சலுகையே அன்றி இடத்திற்கானதன்று; நூற்றைம்பதாவதாக வந்தவர் நூற்றைம்பதாவதாகவே குறிக்கப்படுவார். நான்காவது, மலையுச்சியில் முடியும் கட்டங்களிலும், தனித்தனியே ஓடும் ஓட்டங்களிலும் இது செல்லாது. ஏறுமுகத்தில் வேகம் குறைவு. ஒண்டிச் செல்வதன் பயனும் குறைவு. அங்கே தோன்றும் இடைவெளி பெரிதும் ஆற்றலின் இடைவெளியே.

இச்சலுகை ஏன் தேவை என்பதற்கு 1994ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். அர்மான்தியேர் என்னும் ஊரில் பாய்ச்சல் முடியும் தறுவாயில், சாலையோரக் காவலர் ஒருவர் ஒளிப்படம் எடுக்கும் ஆர்வத்தில் சற்று முன்னே சாய்ந்து நின்றார். தலைகுனிந்து பாய்ந்து வந்த பெல்ஜியத்தின் நெலிசன் அவர்மீது மோதினார். பிரான்சின் லொரான் ஜலாபேரும் வீழ்ந்து படுகாயமுற்றார். இதில் வீரர்களின் ஆற்றல் குறை யாது? பிறருடைய பிழைக்கு இவர்கள் கணக்கில் நேரம் எழுதுவது அறமாகுமா?

அன்று வென்றவர் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டைச் சேர்ந்த ஜமோலிதீன் அப்துஜபாரோவ். நம் வழக்கில் ஜமாலுத்தீன் என்னும் பெயரே அங்கு ஜமோலிதீன் என ஒலிக்கின்றது. 1991ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரின் ஷான்ஸெலிஸே சாலையில், இறுதிக் கட்டத்தின் பாய்ச்சலில், பச்சைச் சட்டை அணிந்திருந்த அவர் சாலையோரத் தடுப்பில் மோதித் தூக்கி எறியப்பட்டார். கோடு கண்ணுக்கு எட்டிய தொலைவில் இருந்தது. தோளெலும்பு முறிந்த நிலையில், பிறர் துணையுடன் எழுந்து, அக்கோட்டைக் கடந்தார். பச்சைச் சட்டையையும் பெற்றார். விபத்துக்குச் சலுகை உண்டு என்பதால் அவர் படுத்தே கிடக்கவில்லை என்பது கருதத்தக்கது.

கொல்லன் பட்டறையில் ஒரு வீரர்

இத்தகைய பரிவு தொடக்கத்திலேயே இருந்ததா? இல்லை. 1904ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஏமாற்று வேலைகள் மலிந்தமையால், பந்தயத்தைத் தோற்றுவித்த இதழாசிரியர் ஆன்ரி தெகிராஞ், 1905ஆம் ஆண்டு முதல் நேரக்கணக்கைக் கைவிட்டு, இடத்திற்கேற்ற புள்ளிக் கணக்கைப் புகுத்தினார். 1912 வரை அதுவே நிலவியது. புள்ளிக் கணக்கில், ஒருவர் பின்தங்கினால் இழப்பது சில இடங்களை மட்டுமே. எத்தனை மணி நேரம் பின்தங்கினார் என்பது பொருட்டன்று. 1913ஆம் ஆண்டில் மீண்டும் நேரக்கணக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அதன் கொடுமையை ஒருவர் சுமக்க நேர்ந்தது.

அவர் பெயர் யூஜின் கிறிஸ்தோஃப். 1912ஆம் ஆண்டில் இரண்டாம் இடம் பெற்றவர். 1913இல் வெற்றி வாய்ப்பு மிக்கவராக விளங்கினார். பிரெனே மலைத்தொடரில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, மிதிவண்டிக் கடைக்காரர் 'ஃபோர்க்' என்று கூறும் உறுப்பு, முறிந்தது. பிறர் உதவியைப் பெறலாகாது; வேறு வண்டியை ஏற்கலாகாது என்பது அக்காலத்து விதி. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதையில் நடந்து, சேன்ட் மரி த கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கிருந்த கொல்லன் பட்டறையில், பந்தய அலுவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையைச் செப்பனிட்டார். இரு கைகளும் வேலையில் இருந்தமையால் உலைத்துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அது பிறர் உதவி எனக் கருதப்பட்டு, அவருக்கு 10 நிமிடம் தண்டமாக விதிக்கப்பட்டது. பின்னர் அது 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. எல்லாம் முடிந்து அவர் ஓடத் தொடங்கியபோது பல மணி நேரத்தை இழந்திருந்தார். ஆயினும் பந்தயத்தை விட்டு விலகவில்லை. பாரிஸ் வரை ஓடி ஏழாம் இடம் பெற்றார்.

ஊழ் அத்துடன் விடவில்லை. 1919ஆம் ஆண்டில் மஞ்சள் சட்டை முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனை அணியும் பேறு பெற்றவர் இவரே. ஆனால், பாரிஸை எட்டுவதற்கு முந்தைய கட்டத்தில் மீண்டும் கவை முறிந்தது. வெற்றி கைநழுவி மூன்றாம் இடமே கிட்டியது. முப்புரம் எரிக்கச் சென்றவர் தேரின் அச்சு ஒருமுறைதான் இற்றது; இவருக்கோ இருமுறை! அச்சு இற்ற இடத்திற்கு நம் முன்னோர் ஊர்ப்பெயரால் நினைவுச் சின்னம் எழுப்பினர். கவை முறிந்தவருக்குச் சேன்ட் மரி த கம்பானில் நினைவுச் சின்னம் உள்ளது.

விதியும் நடுவரும்

இன்றைய விதியும் கிறிஸ்தோஃபை முழுமையாகக் காத்திருக்காது; அவர் கவை முறிந்தது எல்லைக்கோட்டின் அருகில் அன்று. ஆயினும், இன்று பின்தொடரும் ஊர்தியிலிருந்து வேறு வண்டி பெறலாம், உதவி பெறலாம். விதி எட்டாத இடத்தில் நடுவர் மன்றம் நீதி வழங்கியதும் உண்டு.

2016ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், வான்தூ மலைச்சரிவில் முடிந்த கட்டத்தில், கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டமையால் முன்னே சென்ற மோட்டார் வண்டி ஒன்று திடீரென நின்றது. அதன்மீது ரிச்சி போர்ட், பௌக்கே மொலேமா, மஞ்சள் சட்டை அணிந்த கிறிஸ் ஃபுரூம் ஆகிய மூவரும் மோதினர். மொலேமா முதலில் எழுந்து புறப்பட்டார். ஃபுரூமின் வண்டி உடைந்து போகவே, அவர் வண்டியின்றி மலைப்பாதையில் ஓடலானார். அது மலையேற்ற முடிவாதலால் மூன்று கிலோமீட்டர் விதி அங்கே செல்லாது. ஆனால், நடுவர் மன்றம் கூடி ஆராய்ந்து, ஃபுரூமுக்கும் போர்ட்டுக்கும் மொலேமாவின் நேரத்தையே வழங்கியது. விதியின் எழுத்து கைவிட்ட இடத்தில் அதன் கருத்து கைகொடுத்தது எனலாம். 1913இல் துருத்தி ஊதிய சிறுவனுக்காகத் தண்டம் விதித்த அதே பந்தயம், நூறாண்டு கடந்து இந்நிலையை எய்தியுள்ளது.

நிறைவாக

மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நேரம் என்பது ஒருவரின் ஆற்றலை அளக்கும் கோல். வரிசையில் நின்ற இடத்தையும், எதிர்பாரா விபத்தையும் அதனால் அளந்தால் கோல் பொய்த்துப்போகும். ஆகவேதான் திரளுக்கு ஒரே நேரம். இறுதி எல்லையில் வீழ்ந்தவருக்கு உடன் வந்தவரின் நேரம். அதே கோல், காற்றில் விழிப்பிழந்தவரிடமும் மலையில் தளர்ந்தவரிடமும் ஒவ்வொரு வினாடியையும் கண்டிப்பாகக் கேட்டு வாங்குகின்றது. கண்டிப்பும் பரிவும் இங்கே முரண்படவில்லை. எது எங்கே உரியது என்று பகுத்தறிவதே நீதியாகின்றது.

இஸ்லாமியச் சட்டமும் நோயாளிக்கும் பயணிக்கும் ரமளான் நோன்பில் சலுகை அளிக்கின்றது. ஆனால், நலமடைந்தபின் நோயாளியும், ஊர் திரும்பியபின் பயணியும் விட்ட நோன்பை நோற்றாக வேண்டும். காலத்தில் சலுகை உண்டு, கடமையில் இல்லை. எலும்பு முறிந்தும் கோட்டைக் கடந்த ஜமோலிதீன் அப்துஜபாரோவும், பட்டறையிலிருந்து பாரிஸ் வரை ஓடிய கிறிஸ்தோஃபும் நமக்குக் காட்டுவது இந்த இரண்டாம் பகுதியையே.

சங்கிலி அறுந்த அம்மாணவர் அன்று வீடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். உடன் புறப்பட்டவர்கள் உரிய நேரத்தில் வந்தமையே, அவர் காலத்தோடு புறப்பட்டார் என்பதற்குச் சான்று. வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவர் பெயருக்கு நேரே நான் இட்ட குறியைத் திருத்தினேன். அவருடன் வந்த இருவரின் நேரம் எதுவோ, அதுவே அவருடைய நேரம் என்று வகுப்பறையிலும் அறிவித்தேன். இச்சலுகை நாள்தோறும் தாமதமாக வருவோருக்கு இல்லை என்பதையும் உடன் கூறினேன். மாணவர்கள் சிரித்தனர்; வினா எழுப்பியவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து நின்று, "நன்றி ஐயா" என்று சொல்லி அமர்ந்தார்.